பட்டன் போனா, டச் போனா? ஆரம்பகால ஸ்மார்ட்போன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்து இருபது வருடம் ஆகப்போகிறது. கடை முன்பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் பழைய ஸ்மார்ட்போன்களை அடுக்கி வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களின் கண் அங்கேதான் போகும். கேள்விகளும் அங்கிருந்துதான் கிளம்பும். வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை எடுத்து, கடையில் சொல்கிற பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

ஸ்மார்ட்போன் என்றால் டச் போன்தானே? பட்டன் வைத்ததையும் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?

பேசுவது, எஸ்எம்எஸ் அனுப்புவது தவிர, மெயில் பார்க்கவும் வெளியிலிருந்து புது ஆப் ஏற்றவும் முடிகிற போன் எதுவானாலும் ஸ்மார்ட்போன்தான். அலமாரியில் இருக்கும் நோக்கியா இ63ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வைஃபை பிடிக்கும், பிடிஎஃப் திறக்கும், உள்ளே சிம்பியன் என்ற இயங்குதளம் ஓடும். திரையைத் தடவினால் மட்டும் ஒன்றும் நடக்காது.

முதலில் வந்தது பட்டனா, டச்சா?

கேட்பவர்கள் எல்லோரும் பட்டன் என்றே நினைத்திருப்பார்கள். முதலில் வந்தது டச். 1994 ஆகஸ்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமன்தான் முதல் ஸ்மார்ட்போன் என்று சொல்லப்படுகிறது. கறுப்பு வெள்ளைத் தொடுதிரை, அதில் தட்ட ஒரு குச்சி, எடை அரைக் கிலோவுக்கு மேல். சுமார் 50,000 விற்றதோடு அதன் கதை முடிந்தது.

1996ல் வந்த நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் நேர் எதிர்த் திசையில் போனது. மூடியிருந்தால் சாதாரண போன். ஜாமெட்ரி பாக்ஸ் மாதிரி திறந்தால் உள்ளே முழு கீபோர்டு. எடை 397 கிராம். 1999ல் பிளாக்பெர்ரி 850 வந்தது. பேஜர் வகையைச் சேர்ந்த அதில் மெயில் பார்க்கலாம், பேச முடியாது. ஆனால் இரண்டு கட்டைவிரலால் தட்டுகிற அந்தக் குட்டி கீபோர்டுதான் அடுத்த பத்து வருடத்துக்கு வழி காட்டியது.

டச் அத்தனை பழையதென்றால் 2007 வரை ஏன் ஓரமாகவே கிடந்தது?

அப்போதிருந்த டச் வேறு வகை. அதன் பெயர் ரெசிஸ்டிவ். பழுதான ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உடனே விளங்கும். மேலே வளைகிற பிளாஸ்டிக் தாள், கீழே கண்ணாடி, இரண்டின் உட்பக்கத்திலும் மின்சாரம் கடத்துகிற கண்ணுக்குத் தெரியாத பூச்சு. இடையே முடி அளவு இடைவெளி. இரண்டும் தானாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நுண்ணிய புள்ளிகள் தூவியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ரவை சிந்தியது போலத் தெரியும். அழுத்தும்போது மேல் தாள் கீழே தொடும், தொட்ட இடத்தைப் போன் கணக்குப் போடும்.

அதனால் அழுத்தியே ஆக வேண்டும். மெல்லத் தடவினால் எடுக்காது. அப்போதைய சாதாரண போன்களில் இரண்டு விரல் வைத்து விரிக்கவும் முடியாது. நகமோ குச்சியோ தேவைப்படும். குச்சி தொலைந்து பால்பாயின்ட் பேனா மூடியால் தட்டியே திரையெல்லாம் கீறல் விழுந்த போன்கள் எத்தனையோ இந்த மேசைக்கு வந்திருக்கின்றன. சோனி எரிக்சன் பி800, பி900, அப்புறம் 2009 வாக்கில் இங்கே பரவலாக ஓடிய நோக்கியா 5800 எல்லாம் இந்த வகைதான்.

இப்போதைய டச் எப்படி வேலை செய்கிறது?

இது கெப்பாசிட்டிவ். கண்ணாடிக்கு அடியில் ஒரு மின்புலம் இருக்கும். நம் உடம்பும் மின்சாரம் கடத்துவதால் விரல் பக்கத்தில் வந்ததும் அந்தப் புலம் அந்த இடத்தில் மாறும். அழுத்தவே வேண்டாம். ஒரே நேரத்தில் பல விரல்களையும் கண்டுபிடித்துவிடும்.

வீட்டில் பழைய டச் போன் இருந்தால், விரலை விட்டுவிட்டு நகத்தின் நுனியால் மட்டும் தட்டிப் பாருங்கள். எடுத்தால் ரெசிஸ்டிவ், எடுக்காவிட்டால் கெப்பாசிட்டிவ். கடையில் நான் செய்வதும் இதுவேதான்.

பிளாக்பெர்ரி கீபோர்டை மட்டும் ஏன் இன்னும் புகழ்கிறார்கள்?

ஒருமுறை விரல் வைத்துப் பார்த்தால் கேள்வி தீர்ந்துவிடும். ஒவ்வொரு கீயும் நடுவில் கொஞ்சம் மேடாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து இருக்கும். இடது கட்டைவிரலுக்கு இடப்பக்க கீகள், வலதுக்கு வலப்பக்க கீகள் என்று அந்தச் சரிவே விரலை நிறுத்தும். பக்கத்துக் கீ சேர்ந்து அமுங்குவது அபூர்வம்.

உள்ளே பார்த்தால் விஷயம் எளிது. கீக்கு அடியில் பருப்பு அளவு மெல்லிய உலோகக் குமிழ், கவிழ்த்து வைத்த சின்னக் கிண்ணம் மாதிரி. அழுத்தினால் டொக்கென்று உள்வாங்கி போர்டிலுள்ள தங்கப்பூச்சைத் தொடும், விட்டால் எழும்பும். இதை டோம் என்போம். எழுத்து விழுந்துவிட்டது என்று கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிவது அந்த டொக்கால்தான். நாகர்கோவில் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனைப் பார்க்காமலே மெசேஜ் அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் அந்த வித்தை நடக்காது.

அந்த உணர்வைக் கண்ணாடிக்குக் கொண்டுவர அதே கம்பெனி முயன்றும் பார்த்தது. 2008 கடைசியில் வந்த பிளாக்பெர்ரி ஸ்டார்மில் திரை முழுவதுமே ஒரு பட்டனாக அமுங்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் முழுத் திரையையும் அமுக்கி எழுப்ப வேண்டியிருந்ததால் வேகம் குறைந்தது. ஜனங்கள் ஏற்கவில்லை.

ஐபோன் வந்தபோது கீபோர்டு இல்லாததைப் பெரிய குறையாகச் சொன்னார்களாமே?

ஆமாம். 2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதை அறிமுகப்படுத்தினார். அப்போது மைக்ரோசாப்ட்டின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர், கீபோர்டு இல்லாததால் அலுவலகக்காரர்களுக்கு இது பிடிக்காது என்று வெளிப்படையாகவே சிரித்தார். அன்றைய நிலையில் அது நியாயமான சந்தேகம்தான். முதல் ஐபோனில் 3ஜி கிடையாது. ஒரு வரியைக் காப்பி எடுத்து வேறிடத்தில் ஒட்டும் வசதி 2009ல்தான் வந்தது.

ஜாப்ஸ் அந்த மேடையில் வைத்த வாதம் வேறு. பிளாஸ்டிக் பட்டன் தேவைப்பட்டாலும் தேவைப்படாவிட்டாலும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும், போன் விற்றபின் அதை மாற்ற வழியில்லை என்றார். இந்த ஒரு வாதத்தை மறந்துவிடாதீர்கள், தமிழ் பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

அத்தனை சிறிய திரையில், அத்தனை சிறிய எழுத்துகளில், சரியாக அடிக்க முடிந்ததற்குப் பின்னால் ஒரு அழகான வேலை இருக்கிறது. அந்த கீபோர்டு மென்பொருளை உருவாக்கியவர் கென் கோசிண்டா என்ற பொறியாளர். ஆங்கிலத்தில் டி, எச் என இரண்டு எழுத்து அடித்ததும் அடுத்து இ வர வாய்ப்பு அதிகம் என்று மென்பொருளுக்குத் தெரியும். உடனே இ எழுத்தைச் சுற்றியுள்ள தொடும் பரப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாக்கிவிடும். படத்தில் எழுத்து அதே அளவில் இருக்கும், நம் விரல் கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் இ என்றே எடுத்துக்கொள்ளும். டோம் இல்லாத குறையைக் கணக்கால் ஈடுகட்டினார்கள்.

இந்தியாவுக்கு ஐபோன் 3ஜி 2008 ஆகஸ்ட் 22 அன்று வந்தது, 8 ஜிபி விலை 31,000 ரூபாய். நம் மாவட்டத்தில் அதைக் கையில் வைத்திருந்தவர்களை அப்போது விரல் விட்டு எண்ணலாம்.

முதல் ஆண்ட்ராய்டு போனில் டச்சும் இருந்தது, இழுக்கும் கீபோர்டும் இருந்தது. ஏன் இரண்டும்?

2008 அக்டோபரில் வந்த எச்டிசி ட்ரீமைக் கேட்கிறீர்கள். காரணம் நேரானது. அப்போதைய ஆண்ட்ராய்டில் திரைக் கீபோர்டே கிடையாது. 2009 ஏப்ரலில் வந்த 1.5 பதிப்பில்தான் அது சேர்ந்தது. அதுவரை ஒரு வார்த்தை அடிக்க வேண்டுமானாலும் போனைக் கிடையாகத் திருப்பி, திரையை நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

தமிழ் அடிக்க எது நல்லது?

இதற்கு மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. டச் போன்தான்.

அலமாரியில் இரண்டாம் தட்டில் ஒரு குவெர்ட்டி போன், அதாவது கம்ப்யூட்டரில் இருப்பது போல முழு கீபோர்டு வைத்த போன், இருக்கிறது. திருவிதாங்கோட்டுப் பக்கத்து அண்ணன் ஒருவர் சவூதியில் வேலை பார்த்தபோது அங்கே வாங்கியது. ஒவ்வொரு கீயிலும் ஆங்கில எழுத்து, அதன் ஓரத்தில் அரபி எழுத்து. ஊருக்குத் திரும்பி ஐந்து வருடம் அதைத்தான் பயன்படுத்தினார். அரபி எழுத்து ஒன்றுகூட அவருக்கு வாசிக்க வராது. தாய்மொழி எழுத்தோ அந்தப் போனில் எந்த மூலையிலும் இல்லை. வளைகுடாவிலிருந்து வந்த இப்படிப்பட்ட போன்கள் நம்மூரில் நிறைய. அச்சடித்த கீ எந்த ஊருக்காக அச்சடித்ததோ அந்த ஊருக்குத்தான் உதவும்.

பட்டன் போனில் தமிழ் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில மாடல்களில் தமிழ் மெனு இருந்தது. முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற மென்பொருள் 2005லேயே சிங்கப்பூரில் வெளியாகி, சாதாரண போனிலும் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்ப வழி செய்தது. ஆனால் பெரும்பாலானவர்கள் தமிழை ஆங்கில எழுத்திலேயே அடித்தார்கள். பன்னிரண்டு பட்டன் போனில் வணக்கம் என்பதை அப்படி அடிக்க 13 தடவை அமுக்க வேண்டும். வி வருவதற்கு மட்டும் எட்டாம் எண்ணை மூன்று முறை. அப்படி இருந்தும் தமிழ் எழுத்துக்குப் போகாததற்கு இன்னொரு காரணம் காசு. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், தமிழ் எழுத்தில் அடித்தால் 70 இடம்தான். அதிலும் கன்னியாகுமரி என்ற ஏழு எழுத்துச் சொல் 12 இடத்தை எடுத்துக்கொள்ளும், புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்கு என்பதால். ஒரு சேதி இரண்டு எஸ்எம்எஸ் ஆகிவிடும்.

வாசிப்பதும் சுலபமாக இல்லை. தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓபெரா மினி பிரவுசரில் முகவரி இடத்தில் ஒரு கட்டளை அடித்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற அமைப்பை மாற்றினால் தமிழ் தெரியும். 2010 சமயத்தில் இதற்காகவே கடைக்கு வந்தவர்கள் உண்டு. பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுப்பேன், காசு வாங்கியதில்லை. செய்தித்தாள் முதல்முறை போனில் தமிழில் தெரியும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

டச் போன் பரவியபின் இந்தப் பாடெல்லாம் போயிற்று. கீபோர்டு என்பது வெறும் படம்தானே, எந்த எழுத்தையும் வரையலாம். 1999ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 கீபோர்டு முறையை அப்படியே கண்ணாடியில் வைக்கலாம். அதில் வணக்கம் அடிக்க ஆறு தட்டு போதும். க எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்து புழங்குகிறவர்கள், ஒரே மெசேஜில் கீபோர்டை மாற்றி மாற்றி இரண்டையும் அடிக்கிறார்கள். பிளாஸ்டிக் கீயில் இதற்கு எங்கே இடம்?

கடலுக்குப் போகிறவர்களுக்கு எது ஒத்துவரும்?

குளச்சல், முட்டம் பக்கமிருந்து வருகிறவர்கள் தவறாமல் கேட்பது. முதல் டச் போன் வாங்கிய ஒரு வாரத்தில் ஒரு பெரியவர் வந்து, "மக்களே, கரையில நல்லா எடுக்கு, வள்ளத்துல தொட்டா எடுக்க மாட்டேங்கு" என்றார். போனில் ஒரு பழுதும் இல்லை. கையில் கடல் தண்ணீர். உப்புத் தண்ணீர் நன்றாக மின்சாரம் கடத்தும். திரையில் விழுந்த ஒவ்வொரு சொட்டையும் கெப்பாசிட்டிவ் திரை விரல் என்றே நினைத்துக் குழம்பும். பட்டன் போனை பாலித்தீன் கவரில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றிவிட்டால் கவரோடு அமுக்கலாம், கை நனைந்திருந்தாலும் எடுக்கும்.

ஆனால் பட்டனுக்கும் அந்தக் காற்று எதிரிதான். கீக்களுக்கு இடையிலுள்ள சந்து வழியே உப்பு ஈரம் இறங்கி, டோமுக்கு அடியில் பச்சை பூக்கும். முதலில் ஒரு எண் இரண்டு முறை விழும், பிறகு எவ்வளவு அமுக்கினாலும் விழாது. ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, கீபேட் ஷீட் மாற்றினால் சில மாதம் ஓடும். கடற்கரை ஊர்ப் போன் எது, கடலிலிருந்து தள்ளியிருக்கும் குலசேகரத்துப் போன் எது என்று கீபேடைத் திறந்ததும் என்னால் சொல்ல முடியும். இப்போது தண்ணீர் புகாத டச் போன்கள் வந்துவிட்டதால் உப்பு உள்ளே போவது குறைந்திருக்கிறது. ஈரக் கையில் திரை குழம்புவது மட்டும் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள் இ63ஐ ஏன் விடவே மாட்டேன் என்றார்கள்?

டார்ச்சுக்காக. ஸ்பேஸ் பட்டனை அமுக்கிப் பிடித்தால் பின்பக்க லைட் எரியும். விடியுமுன் பால் வெட்டப் போகிறவருக்குத் தலையில் கட்டிய லைட் அணைந்தால் மாற்று வேண்டும். இருட்டில் ஸ்பேஸ் பட்டனைக் கை தடவியே கண்டுபிடித்துவிடலாம், அதுதான் கீபோர்டிலேயே நீளமானது. ஒட்டுப்பால் காய்ந்து பிசுபிசுத்த விரலோடும் அது வேலை செய்தது.

கண் தெரியாதவர்களுக்கு டச் போன் கஷ்டம்தானே?

தொடக்கத்தில் கஷ்டம்தான். பட்டன் போனில் ஐந்தாம் எண்ணில் ஒரு புடைப்பு இருக்கும். அதை வைத்தே மற்ற எண்களை விரல் கண்டுபிடிக்கும். வழவழப்பான கண்ணாடியில் பிடிமானம் ஏதும் இல்லை. 2009ல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவர் வந்தது. விரல் எங்கே இருக்கிறதோ அங்கே என்ன இருக்கிறது என்று போனே வாயால் சொல்லும். பின்னர் ஆண்ட்ராய்டுக்கும் அது போல டாக்பேக் வந்தது. அமைத்துக் கொடுக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் இன்று டச் போனில் அவர்கள் செய்யாத வேலை இல்லை. எந்தக் கடையிலும் தயங்காமல் கேளுங்கள், செட்டிங்கிலேயே இருக்கிறது.

எது அதிகம் பழுதாகும்?

டச் போனில் கீழே விழுந்தால் கண்ணாடி, பட்டன் போனில் வருடங்கள் போனால் கீபேட். இரண்டையும்விட அதிகம் பழுதானது இழுக்கும் ஸ்லைடு போன். மேல் பாகத்தையும் கீழ் பாகத்தையும் இணைக்கும் ரிப்பன், இழுத்து மூடி இழுத்து மூடி ஒரு நாள் மடிப்பில் கிழியும். திரை வெள்ளையாகிவிடும்.

நன்றாக இருந்த கீபோர்டு போன்கள் ஏன் மறைந்தன?

போனில் எழுதுவதைவிடப் பார்ப்பது அதிகமாகிவிட்டது. வீடியோ, மேப், போட்டோ எல்லாவற்றுக்கும் பெரிய திரை வேண்டும். முன்பக்கத்தில் பாதியை கீபோர்டுக்குக் கொடுத்தால் பார்ப்பதற்குப் பாதிதான் மிஞ்சும். கம்பெனிகளுக்கும் டச் வசதி. ஒவ்வொரு நாட்டு மொழிக்கும் தனித்தனியாகக் கீ அச்சடிக்க வேண்டாம், ஒரே போனை எங்கேயும் விற்கலாம். ஆசை விட்டுப்போகாமல் பிளாக்பெர்ரி கீ2 2018ல் வந்தது, அதே வருடம் ஜியோபோன் 2 குவெர்ட்டியோடு 2,999 ரூபாய்க்கு வந்தது. இரண்டும் நிலைக்கவில்லை.

பழைய கீபோர்டு போன் ஒன்று வாங்கி இப்போது பயன்படுத்தலாமா?

பேசவும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் என்றால், 2ஜி சிக்னல் இருக்கிற ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் சிம் போட்டுப் பார்க்கலாம். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, அதனால் அந்த சிம் ஓடாது. வாட்ஸ்அப்பை மறந்துவிடுங்கள். பிளாக்பெர்ரியின் பழைய இயங்குதளத்துக்கான சேவைகள் 2022 ஜனவரி 4ல் நிறுத்தப்பட்டன, அதன்பின் அந்தப் போன்களில் அழைப்புகூட நம்பகமாக வேலை செய்யும் என்ற உறுதி இல்லை.

வீட்டில் கிடக்கும் பழைய போனிலிருந்து படங்களையும் எண்களையும் எடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் பின்மூடியைக் கழற்றி பேட்டரியைச் சமதளத்தில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். பம்பரம் மாதிரிச் சுற்றினால் உப்பியிருக்கிறது, அதைச் சார்ஜில் போடவே கூடாது. பேட்டரி சரியாக இருந்தால் சார்ஜரைத் தேடுங்கள். நோக்கியாவில் பழையதுக்குப் பெரிய பின், அடுத்து வந்ததுக்குச் சின்ன பின். இரண்டும் கடையில் வைத்திருக்கிறேன். மெமரி கார்டு இருந்தால் படங்கள் பெரும்பாலும் அதிலேயே இருக்கும், கார்டு ரீடரில் போட்டால் வந்துவிடும். எண்கள் சிம்மில் இல்லாமல் போனில் இருந்தால், போனை ஆன் செய்து புளூடூத்தில் அனுப்ப வேண்டும். கீபேட் வேலை செய்யாத போனாக இருந்தால் கொண்டு வாருங்கள். சுத்தம் செய்து அரை மணி நேரம் உயிர் கொடுத்தாலே போதும், அதற்குள் எடுத்துவிடலாம்.